மலைவீதி விபத்தும் முதல் ஒரு மணி நேரமும்

ஊவா மலைநாட்டிலே பிறந்து வளர்ந்தோர்க்குப் பெரகலச் சந்தியை அறிமுகஞ் செய்தல் வேண்டா. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்லை வழியாக ஏறிவரும் பெருவீதி அவ்விடத்திலே இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாகப் பதுளையை நாடி மேலே செல்கின்றது. மற்றது கொஸ்லந்தையைக் கடந்து, தியலும நீர்வீழ்ச்சியின் அருகாக வெல்லவாயவை நோக்கி இறங்குகின்றது. விடுமுறை முடிந்து கல்லூரிக்குத் திரும்பிய நாள்களில் நம்முள் எத்தனை பேர் அச்சந்தியிலே தேநீர் அருந்தி, மூடுபனி விலகும்வரை பஸ்ஸிற் காத்திருந்திருக்கின்றோம்!

விழாமலர்களிலே பழம்பெருமை பேசுதல் மரபு. நாமோ கசப்பான ஒரு பொருளை எடுத்துக்கொண்டோம். மலராசிரியர் பொறுத்தருள்வாராக. இப்பொருளை எழுதத் தூண்டியவர் நம்முடன் ஒரே வாங்கிலிருந்து படித்த நண்பரொருவர். 1990 அம்புலன்ஸ் சேவை நம் பகுதிக்கு வருவதற்கு முன்னர், ஒரு மாலைப்பொழுதிலே, பெரகலைக்கு அப்பாலுள்ள வளைவொன்றில் லொறியொன்று அவரது மோட்டார்ச் சைக்கிளை மோதியது. நினைவு தப்பவில்லை, நாவறட்சி என்று தண்ணீர் கேட்டார், கொடுத்தார்கள். வாகனத்துக்காகக் காத்திருந்தார்கள். பின்னர் முச்சக்கர வண்டியொன்றிலே முறிந்த காலை மடித்து ஏற்றினார்கள். முதலிற் சென்ற வைத்தியசாலையில் இரத்தம் ஏற்ற வசதியின்மையால் வேறோரிடத்துக்கு அனுப்பினார்கள். வழியிலே உயிர் பிரிந்தது. விபத்து நேர்ந்து இரண்டரை மணி நேரத்துக்குமேல் அவர் உயிரோடிருந்தார். அவர் உடலின் வெளிப்புறத்தே சொல்லத்தக்க இரத்தப் பெருக்கு எதுவும் இருக்கவில்லை. வீட்டார் 'விதி' என்றனர். நாமும் அன்று அவ்வாறே எண்ணினோம். அவ்வெண்ணம் எத்துணைத் தவறானது என்பதைப் பின்னாளிலே கற்றறிந்தோம். கற்றவற்றுட் சிலவற்றை இங்கே கூறுவோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021 ஆம் ஆண்டிலே வீதி விபத்துக்களால் உலகெங்கும் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் மக்கள் மாண்டனர். ஐந்து வயது முதல் இருபத்தொன்பது வயது வரையுள்ளோரைக் கொல்லுங் காரணங்களுள் முதலிடத்தில் நிற்பது இதுவே. அஃதாவது கல்லூரி மாணவரும், கல்லூரியை விட்டுப் புதிதாக உத்தியோகத்துக்குப் போனவரும் அடங்கிய வயது. இலங்கையில் 2016 முதல் 2018 வரையான மூன்றாண்டுகளிலும் ஆண்டுக்கு மூவாயிரம் பேர் வரையில் இறந்தனர். பின்னர் அத்தொகை சற்றுக் குறைந்த ஆண்டுகளும் உண்டு; ஆயினும் இரண்டாயிரத்துக்குக் கீழே அது இறங்கிவிடவில்லை.

மலைவீதிகளின் கணக்கு இதற்குள்ளே தனியொரு துயரக் கணக்காகும். 2021 மார்ச் 20 ஆம் நாள், லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறையிலே 13 ஆம் கட்டைக்கு அருகிற் பள்ளத்தில் வீழ்ந்தது; இறந்தோர் பதினால்வருக்குக் குறையார். மேலிருந்து உருண்ட பாறை வீதியிற் கிடந்து வழியைக் குறுக்கியிருந்தது. 2025 மே 11 ஆம் நாள் விடியற்பொழுதிலே, கதிர்காமத்திலிருந்து குருநாகலை நோக்கிச் சென்ற பஸ் கொத்மலை கெரண்டியெல்லவிலே சரிந்து 23 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு செப்டெம்பர் 4 ஆம் நாள் இரவிலே எல்ல – வெல்லவாய வீதியில், 24 ஆம் கிலோமீற்றர் கல்லை ஒட்டி, தங்காலை நகரசபை ஊழியரும் குடும்பத்தினரும் உல்லாசப் பயணம் முடிந்து திரும்பிய பஸ் எதிரே வந்த வாகனமொன்றில் மோதி, வீதியோரத் தடுப்பை உடைத்துக்கொண்டு, ஆயிரம் அடி அளவான பள்ளத்தில் வீழ்ந்தது. பதினைவர் மாண்டனர். அன்றிரவு இருளிலே கயிறு பற்றி அப்பள்ளத்துள் இறங்கியோர் அயலவரும் பொலிஸாரும் படையினரும் ஆவர். இதனை வாசகர் மனத்திற் கொள்க. பின்னர் இதற்கு மீண்டு வருவோம்.

பள்ளமிறங்கும் வாகனம் ஏன் அடங்க மறுக்கின்றது என்பதை முதலில் நோக்குவோம். பௌதிகவியல் கற்ற மாணவர் தாமே கணித்துப் பார்க்கலாம். ஹப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,700 அடி உயரத்திலுள்ளது. வெல்லவாய ஆயிரம் அடிக்குங் குறைந்த உயரத்திலுள்ளது. ஆகவே ஒன்றிலிருந்து மற்றதற்கு இறங்கும் பஸ் ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்குகின்றது. பத்துத் தொன் நிறையுள்ள வாகனம் ஆயிரம் மீற்றர் இறங்குகையில் வெளிப்படுஞ் சக்தி, 290 லீற்றர் குளிர்ந்த தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொணரப் போதுமானது. இத்துணை வெப்பமும் எங்கேனும் போய்த் தீரவேண்டும். சாரதி பிரேக்கை மாத்திரம் நம்பினால், அது முழுவதும் சில்லுகளின் உட்புறத்தேயுள்ள பிரேக் கட்டைகளிற் சேரும். அவை அளவு கடந்து சூடேறியதும் பிடிப்பை இழக்கின்றன. காற்றுப் பிரேக் பூட்டிய வண்டியிலே அடிக்கடி மிதிப்பதனாற் காற்றழுத்தமும் குறைந்துவிடும். அப்போது சாரதி மிதிக்கின்றான், வண்டி நிற்பதில்லை. 'பிரேக் அற்றுவிட்டது' என்று மறுநாள் பத்திரிகையில் வாசிக்கின்றோம். உண்மையிலே பல வேளைகளிற் பிரேக் அறவில்லை, வெந்துபோயிற்று.

மலைநாட்டுப் பழைய சாரதிமார் இதனைக் கணக்குப் படியாமலே அறிந்திருந்தனர். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது அவர்கள் கற்பித்த விதி. எஞ்சினே அப்போது பாரத்தைத் தாங்கிக்கொள்ளும். எரிபொருளை மிச்சம் பிடிக்கவென்று கியரைக் கழற்றிவிட்டு வண்டியைத் தானாக ஓடவிடுதல் அவ்விதிக்கு நேர்மாறானது. சமவெளி ஊர்களிலிருந்து உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு இரவிலே முதன்முறை இவ்வீதிக்கு வரும் சாரதிக்கு இவ்விதியை யார் கூறுவர்? பெரகலையில் இறக்கந் தொடங்கும் இடத்திலே மும்மொழியிலும் பெரிய பலகையில் எழுதிவைத்தல் அதிகச் செலவான காரியமன்று. பல நாடுகளிலே நீண்ட இறக்கங்களில், அடங்காத வாகனம் ஏறி நிற்பதற்கென மணலும் சரளையும் நிரப்பிய கிளைப்பாதை அமைக்கின்றனர். அதற்குச் செலவுண்டு, ஆயினும் ஒரு பஸ் நிறைந்த உயிர்களைவிட அது மலிவானது.

எனினும், எத்துணைக் காவல் செய்தாலும் சில விபத்துக்கள் நேர்ந்தே தீரும். நேர்ந்தபின் யாது செய்வது என்பதிலேதான் நம்மவர் அறியாமை மிகுதி.

1983 இலே டிரங்கி என்னும் அமெரிக்க அறுவை வைத்தியர், காயத்தால் நேரும் மரணங்களைக் காலவரிசையில் மூன்றாகப் பகுத்துக் காட்டினார். அடிபட்ட கணத்திலே மூளையோ இருதயமோ பெருங்குழாயோ சிதைந்து இறப்போர் ஒருசாரார். இவர்களை எந்த வைத்தியராலும் மீட்க முடியாது. முதற் சில மணி நேரத்துள் இரத்தம் இழந்தோ, மூச்சு அடைபட்டோ, தலைக்குள் இரத்தம் கட்டியோ இறப்போர் மற்றொருசாரார். நாள்களும் வாரங்களும் கழிந்து, கிருமி தொற்றியும் உறுப்புக்கள் செயலிழந்தும் இறப்போர் மூன்றாமவர். முதலாம் வகுப்பினரை வீதியிற் செய்யும் காவலே காக்கும். இரண்டாம் வகுப்பினரை நாம் காக்கலாம். நம் நண்பர் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தவர். பால்ரிமோர் நகரத்து வைத்தியர் கௌலி என்பார் இதனையே 'பொன்னான ஒரு மணி நேரம்' என்று பெயரிட்டுப் பரப்பினார். அறுபது நிமிடம் என்னும் எண்ணுக்குக் கணிதத் துல்லியம் இல்லை என்பர் பின்வந்தோர், அது மெய்யே. மூச்சு அடைபட்டவனுக்கு ஐந்து நிமிடமே உண்டு. வயிற்றுக்குள் மெதுவாக இரத்தம் கசிபவனுக்கு மூன்று மணி நேரமும் இருத்தல் கூடும்.

இவற்றுள் முதலில் வருவது மூச்சு. நினைவிழந்து மல்லாந்து கிடப்பவனுடைய நாக்குப் பின்சரிந்து தொண்டையை அடைக்கும். வாந்தியும் இரத்தமும் சேர்ந்து மிச்சத்தை அடைக்கும். வாயைத் துடைத்து, கீழ்த்தாடையை இருபுறமும் பிடித்து முன்னே தள்ளினால் வழி திறக்கும். தனியே விட்டுச் செல்ல நேரின், தலையும் கழுத்தும் உடலும் ஒருசேரத் திரும்புமாறு ஒருக்களித்துப் படுக்கவைத்தல் வேண்டும். இதற்கு மருந்தும் கருவியும் வேண்டா.

அடுத்தது இரத்தம். வளர்ந்த மனிதனுடைய உடலில் ஏறத்தாழ ஐந்து லீற்றர் இரத்தமே உண்டு. அதில் இரண்டு லீற்றர் போய்விட்டால் உயிர் தள்ளாடும். வெளியே பீறிடும் இரத்தத்தைச் சுத்தமான துணியை மடித்து வைத்து, உள்ளங்கையால், உடற்பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தவேண்டும். நின்றுவிட்டதா என்று நிமிடத்துக்கொருமுறை எடுத்துப் பார்த்தலே நம்மவர் பெரும்பிழை. கையோ காலோ சிதைந்து, அழுத்தியும் நில்லாதபோது, காயத்துக்கு மேலே அகன்ற பட்டையால் இறுகக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துவைத்தல் வேண்டும். இவ்வாறு கட்டுதல் ஆகாதென்று நம் காலத்து முதலுதவிப் புத்தகங்கள் போதித்தன. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிற் கண்ட அனுபவத்தின்பின் வைத்திய உலகம் தன் கருத்தை மாற்றிக்கொண்டது.

கண்ணுக்குத் தெரியாத இரத்தமே கொடியது. தொடையெலும்பு முறிந்தால் தோல் கிழியாமலே ஒரு லீற்றருக்கு மேற்பட்ட இரத்தம் தொடைத் தசைக்குள்ளே தேங்கும். இடுப்பெலும்பு நொறுங்கினால் அதனினும் பன்மடங்கு. நம் நண்பருக்கு இரண்டும் நேர்ந்திருந்தமை பிற்பாடே தெரியவந்தது. முறிந்த காலை நீட்டி, மற்றக் காலோடு சேர்த்துக் கட்டியிருக்கலாம். ஒரு சேலையை மடித்து, தொடை இடுப்போடு பொருந்தும் மட்டத்திலே சுற்றி இறுகக் கட்டியிருக்கலாம். முச்சக்கர வண்டியிலே மடித்து ஏற்றியமை, ஓரளவு உறைந்து நின்ற இரத்தத்தை மீண்டும் ஓடச் செய்திருக்கும். அன்று சூழ நின்றோரிடம் சேலை இருந்தது, பலகை இருந்தது, அன்பும் குறைவின்றி இருந்தது.

தண்ணீர் கொடுத்ததுவும் தவறே. அறுவைக்குச் செல்லவேண்டியவனுடைய வயிறு வெறுமையாயிருத்தல் நன்று. மயங்கியவன் வாயில் ஊற்றிய நீர் நுரையீரலுக்குட் போகும். உதட்டை நனைத்தல் போதும்.

மலைநாட்டுக்கே உரிய பகை ஒன்றுண்டு, அது குளிர். ஹப்புத்தளைக் காற்றை அறிந்தோர்க்கு விரித்துரைக்க வேண்டா. இரத்தம் இழந்த உடல் தன் வெப்பத்தைக் காக்கமாட்டாது. உடல் குளிர்ந்தால் இரத்தம் உறைவதில்லை. உறையாவிட்டால் மேலும் ஒழுகும். ஒழுக ஒழுக மேலும் குளிரும். இந்தச் சுழலை வைத்தியர் மிக அஞ்சுவர். ஈரத்துணியை நீக்கி, உடலின் மேலும் கீழும் கம்பளி போர்த்துதல் இதற்குரிய காப்பு. தோட்டத்து லயங்களிலே கம்பளி இல்லாத வீடு உண்டோ? சுகவீனரைக் கம்பளியிற் கிடத்தி நால்வர் தூக்கிச் செல்லுதலும் நம் பெற்றோர் காலத்து வழக்கமே. முதுகெலும்பில் அடிபட்டவனுக்கு மாத்திரம் அத்தொய்யலான தூளி ஆகாது; கழற்றிய கதவோ பலகையோ வேண்டும்.

வைத்தியசாலைக்குட் சென்றபின் நடப்பதும் ஒழுங்குமுறை சார்ந்ததே. இதற்கொரு வரலாறுண்டு. 1976 பெப்ரவரியிலே ஸ்டைனர் என்னும் அமெரிக்க எலும்பு வைத்தியர் தாமே ஓட்டிச் சென்ற சிறு விமானம் நெப்ராஸ்கா மாநிலத்து வயலொன்றில் வீழ்ந்தது. மனைவி அவ்விடத்திலேயே மாண்டார், பிள்ளைகள் படுகாயமுற்றனர். வழியே சென்ற காரை நிறுத்திப் பிள்ளைகளைச் சிற்றூர் வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றவர், அங்கே நடந்த சிகிச்சையைக் கண்டு திகைத்தார். அங்கிருந்தோர் தீயவரல்லர், காயமுற்றவரிடம் எதை முதலிற் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்னும் வரிசையை அவர்களுக்கு எவரும் கற்பித்திருக்கவில்லை. முதலிலே மூச்சுவழி, பின் சுவாசம், பின் இரத்தவோட்டம், பின் மூளை என்று ஒழுங்குபடுத்திய பயிற்சி 1978 இலே தொடங்கியது. 1980 இலே அமெரிக்க அறுவை வைத்தியர் கல்லூரி அதனை ஏற்றுக்கொண்டது. இன்று பல நாடுகளிலே அது பயிற்றப்படுகின்றது. சிற்றூர் வைத்தியசாலையின் குறையிலிருந்தே இம்முறை பிறந்தமை நம்மைப் போன்ற மலையூரார்க்கு ஊன்றி நோக்கத்தக்கது.

விலை மலிந்த மருந்தொன்றையும் குறிப்பிடல் வேண்டும். ஜப்பானிய வைத்தியர் உட்டாகோ ஒக்கமோட்டோ அம்மையாரும் அவர் கணவரும் கண்டு 1962 இலே வெளியிட்ட டிரனெக்சாமிக் அமிலம், உறைந்த இரத்தம் கரைந்துபோகாமற் காக்கின்றது. நாற்பது நாடுகளில் இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட காயப்பட்டோரிடம் சோதித்து, 2010 இலும் 2011 இலும் முடிவுகளை வெளியிட்டனர்: அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் மரணம் குறைகின்றது, தாமதித்துக் கொடுத்தாற் பயனில்லை, தீங்கும் உண்டு. ஆகவே இம்மருந்து தொலைவிலுள்ள பெரிய வைத்தியசாலையிலே இருந்து பயனில்லை. விபத்து நேரும் வீதிக்கு அணித்தான சிறு வைத்தியசாலையிலே, இரவிலும் கொடுக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும்.

நம் நாட்டிலே நல்ல மாற்றம் ஒன்று நேர்ந்ததையும் கூறாதொழிதல் நன்றியன்று. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தாற் கட்டணமின்றி வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை, இந்திய அரசின் கொடையுடன் 2016 ஜூலையிலே மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கியது. 2018 ஆம் ஆண்டிலே அதற்கெனத் தனிச் சட்டம் நிறைவேறி, ஊவா உள்ளிட்ட ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்தது. பயிற்சி பெற்ற ஒருவர் வண்டியிலே உடன் வருகின்றார். வைத்தியசாலை போய்ச் சேரும்வரை சிகிச்சை நடக்கின்றது. நம் நண்பர் காலத்தில் இஃது இருந்ததில்லை.

தமிழ்நாட்டிலே 2021 டிசெம்பரில் 'இன்னுயிர் காப்போம்' என்னுந் திட்டம் தொடங்கி, வீதி விபத்திற் காயமுற்றோர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையின் செலவை அரசே ஏற்றது. தனியார் வைத்தியசாலை வாயிலிலே பணத்துக்காக நிற்கும் நிலை அங்கே பெருங்குறையாக இருந்தமையால் அம்மருந்து அந்நோய்க்குப் பொருந்திற்று. நம் அரசினர் வைத்தியசாலைகளிலே சிகிச்சை இலவசம். நம்மைக் கொல்வது தொலைவு. பெரகலையிலிருந்து பதுளைப் போதனா வைத்தியசாலை நாற்பது கிலோமீற்றருக்கு மேல். அதுவும் வளைவும் மூடுபனியும் நிறைந்த நாற்பது. இடையே தியத்தலாவை ஆதார வைத்தியசாலை உண்டு. அம்புலன்ஸ் எத்துணை விரைந்தாலும், மலையிலே அது வந்துசேரும் வரையுள்ள நிமிடங்கள் அடிபட்டவனுக்கும் அருகில் நிற்பவனுக்குமே உரியன.

அருகில் நிற்பவன் யார்? எல்ல வீதிப் பள்ளத்தினுள் அன்றிரவு இறங்கியோரை மீண்டும் எண்ணுக. மலைவீதியிலே எந்தப் பஸ் கவிழ்ந்தாலும் முதலில் ஓடிவருவோர் கொழுந்து பறிக்கும் பெண்களும், மட்டம் வெட்டும் ஆண்களும், சந்தியிலே முச்சக்கர வண்டி நிறுத்தியிருப்போரும், கடைக்காரருமே. செங்குத்தான மலையிலே கால் பழகியோர். கயிறும் கத்தியும் கம்பளியும் உடையோர். வைத்திய உலகம் வகுத்த முறைகளெல்லாம் இவர்கள் கையிலே தொடங்கவேண்டியிருக்க, இவர்களுக்குத்தான் எவரும் எதுவும் கற்பிக்கவில்லை. தோட்ட வைத்திய உத்தியோகத்தர் பலர் இதனைக் கற்பிக்கும் ஆற்றலுடையோர், கேட்பாரில்லை.

ஆகையால் நம் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒன்றை முன்வைக்கின்றோம். இவ்விழாவை முன்னிட்டு மண்டபமும் நுழைவாயிலும் எழுப்பக் கருதியோரை நாம் தடுக்கவில்லை. அவற்றுக்கெனச் சேர்ந்த நிதியிலே ஒரு சிறு பங்கினை ஒதுக்குக. செஞ்சிலுவைச் சங்கமோ சென் ஜோன் அம்புலன்ஸ் முதலுதவிப் படையோ நடத்தும் வகுப்பினைக் கல்லூரி மேல்வகுப்பு மாணவர்க்கும், பெரகல முதல் கொஸ்லந்தை வரை வீதியோரத்திலுள்ள தோட்டத்தார்க்கும் முச்சக்கர வண்டிச் சாரதிமார்க்கும் தமிழிலும் சிங்களத்திலும் நடத்துவிக்கலாம். சங்கத்திலே வைத்தியராகவும் தாதியராகவும் உள்ள பழைய மாணவர் ஓய்வு நாளிலே வந்து உதவலாம். வீதியோரத்துத் தோட்டக் காரியாலயங்களிலும் சந்திக் கடைகளிலும் பெட்டி ஒவ்வொன்று வைக்கலாம்: இருநூறு அடிக் கயிறு, கை விளக்கு இரண்டு, மடிக்கத்தக்க தூக்குப் படுக்கை ஒன்று, அகன்ற கட்டுத்துணி, கம்பளி நான்கு, கத்தரிக்கோல், கையுறை. பெட்டியின் மூடியில் 1990 என்னும் இலக்கமும், அவ்விடத்துக் கிலோமீற்றர் கல்லின் எண்ணும் எழுதப்படல் வேண்டும். பதற்றத்திலே தான் நிற்கும் இடத்தைச் சொல்லத் தெரியாதோர் பலர். அழைப்பு எடுபடாத வளைவுகள் சில உண்டு. எவ்விடத்துக்கு ஏறிச் சென்றால் எடுபடும் என்பதையும் அதன் கீழே எழுதுக.

பெட்டி ஒன்றின் செலவை நம் நண்பரின் வகுப்புத் தோழர் ஏற்றுக்கொள்வதாக ஏலவே இசைந்துள்ளனர். அது வைக்கவேண்டிய வளைவையும் அவர்கள் அறிவர்.